அறிவியல் எழுத்தாளராக வாழ்வது: மொரீஷியஸிலிருந்து சில பதில்கள்

நான் மொரீஷியஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அறிவியல் எழுதிச் சம்பாதிக்கிறேன். இந்தத் தீவில் எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் வானொலிக்குப் பேசுகிறேன். மனசுக்காகத் தமிழில் எழுதுகிறேன். இங்குள்ள மாணவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்து எழுதும் வாசகர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன்.

அறிவியல் எழுத்தாளர் என்பவர் விஞ்ஞானியா, நிருபரா?

இருவருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். விஞ்ஞானி புதிதாக ஒன்றைக் கண்டறிகிறார். நிருபர் நேற்று நடந்ததை இன்று சொல்கிறார். அந்த முடிவு எப்படி வந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம், அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டு எழுதுவது எங்கள் வேலை. பத்து வருடம் கழித்தும் அந்த முடிவு நிற்கிறதா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பதும் இதில் சேரும். இந்தக் கடைசி வேலையைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. இந்தத் தொழிலின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

என்ன படித்திருக்க வேண்டும்?

இதற்கென்று ஒரே பட்டம் கிடையாது. நான் ரெதுயியில் இருக்கும் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தேன். இந்தத் துறையில் எனக்குத் தெரிந்தவர்களில் பொறியியல் படித்தவரும் உண்டு, பிரெஞ்சு இலக்கியம் படித்தவரும் உண்டு. பட்டத்தைவிடப் புள்ளியியல்தான் அதிகம் உதவும். ஒரு மருந்தால் ஆபத்து இரு மடங்காகிறது என்று செய்தி வந்தால், எதிலிருந்து எதற்கு என்று கேட்கத் தெரிய வேண்டும். 10,000 பேரில் ஒருவருக்கு வந்தது இரண்டு பேருக்கு வந்தாலும் இரு மடங்குதான். 100 பேரில் 10 பேருக்கு வந்தது 20 பேருக்கு வந்தாலும் இரு மடங்குதான். இந்த வேறுபாடு தெரியாதவர் எவ்வளவு அழகாக எழுதினாலும் வாசகரைப் பயமுறுத்தத்தான் முடியும்.

இவ்வளவு சின்னத் தீவில் எழுத என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை இந்தத் தீவுக்காரர்களே கேட்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு வாழ்நாளில் எழுதித் தீராத அளவுக்கு இருக்கிறது.

சமையலறையிலிருந்தே தொடங்குகிறேன். 1987-இல் இங்கே பெரிய அளவில் ஓர் உடல்நலக் கணக்கெடுப்பு நடந்தது. சர்க்கரை நோயும் இதய நோயும் எந்த அளவுக்குப் பரவியிருக்கின்றன என்று அதில் தெரிந்தது. அரசு செய்த காரியங்களில் ஒன்று, மலிவு விலையில் விற்ற ரேஷன் எண்ணெயை மாற்றியது. பெரும்பகுதி பாமாயிலாக இருந்த எண்ணெய் சோயா எண்ணெயாக மாறியது. ஐந்து ஆண்டு கழித்து மீண்டும் அளந்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்டிரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. கடையில் கிடைக்கும் எண்ணெய் மாறியதோடு ஒரு நாட்டின் இரத்தத்திலும் மாற்றம் வந்ததை 1996-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எண்ணெய் ஒன்றே காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. பெரும் பங்கு அதற்கு இருக்கலாம் என்றுதான் கணக்கிட்டார்கள். கொலஸ்டிரால் இறங்கியபோதும் சர்க்கரை நோய் இறங்கவில்லை. இன்றும் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே கட்டுரையில் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

இன்னொன்று பறவை. மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறு 1974-இல் காட்டில் நான்கே நான்குதான் மிஞ்சியிருந்தது. காடுகள் அழிந்திருந்தன, கீரியும் பூனையும் வந்து சேர்ந்திருந்தன, மலேரியாக் கொசுவை ஒழிக்க அடித்த டி.டி.டி.யும் உணவு வழியாகப் பறவைக்குள் போயிருந்தது. அதே டி.டி.டி. இங்கே எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. 1973-இல் இந்தத் தீவு மலேரியா இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. மனிதரைக் காத்த மருந்தே பறவையை முடித்துவிடப் பார்த்தது என்ற செய்தியை, யாரையும் வில்லனாக்காமல் எழுதுவது கடினமான வேலை. 1979-இல் இங்கே வந்த உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும் அவரோடு உழைத்தவர்களும் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டு, அந்தப் பறவையை நூற்றுக்கணக்கில் பெருக்கினார்கள். 1994-இல் அது ஆபத்துப் பட்டியலில் ஒரு படி நல்ல நிலைக்கு வந்தது. உலகமெங்கும் எழுதப்பட்ட வெற்றிக் கதை இதோடு முடிந்துவிடும். ஆனால் எண்ணிக்கை மறுபடி சரிந்ததால் 2014-இல் அது மீண்டும் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டது. இதை எழுதியவர்கள் எத்தனை பேர்?

வானத்தைப் பற்றி எழுதப் பிரியமுள்ளவர்களுக்கும் குறையில்லை. ப்ரா தோ என்ற இடத்தில் இந்திய ஆய்வு நிறுவனங்களும் எங்கள் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1992-இல் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி தென்வானத்தை அளந்தது. 2021 ஜூனில் எங்கள் முதல் செயற்கைக்கோள் மிர்-சாட்1 விண்வெளி நிலையத்துக்குப் போய், அங்கிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது.

ஓர் ஆய்வு முடிவை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?

எங்கள் தீவில் வாழ்ந்து அழிந்த டோடோ பறவையை வைத்தே சொல்கிறேன். மாணவர்களுக்கு எப்போதும் நான் காட்டும் உதாரணம் இதுதான்.

1977-இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் உலகப் புகழ்பெற்ற ஓர் அறிவியல் இதழில் எழுதினார்: தம்பலாகோக் என்ற இந்தத் தீவின் மரத்தின் விதை, டோடோவின் வயிற்றுக்குள் போய் ஓடு தேய்ந்து வெளியே வந்தால்தான் முளைக்கும், டோடோ 17-ஆம் நூற்றாண்டில் அழிந்ததால் மரமும் முளைப்பதை நிறுத்திவிட்டது, 300 வயதுக்கு மேற்பட்ட 13 மரங்கள்தாம் மிச்சம். சோதனைக்காக வான்கோழிகளுக்கு விதைகளைக் கொடுத்தார். அப்படிக் கொடுத்ததில் மூன்று முளைத்தன.

யாருக்குத்தான் இந்தக் கதை பிடிக்காது? பாடப்புத்தகம் வரைக்கும் போய்விட்டது. இப்போது உட்கார்ந்து கேள்வி கேட்போம். வான்கோழி வயிற்றுக்குள் போகாத விதைகளையும் பக்கத்தில் நட்டுப் பார்த்தாரா? இல்லை. அப்படியானால் முளைத்ததற்கு வயிறுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? தேய்க்காத விதையும் முளைத்திருக்கிறது என்று 1941-இலேயே ஒரு பதிவு இருந்தது. வெப்பமண்டலத்து மரமான இதன் அடிமரத்தில் ஆண்டு வளையங்களை நம்பி எண்ண முடியாது. அப்புறம் 300 வயது என்பது எங்கிருந்து வந்தது? காட்டை நன்றாக அறிந்தவர்கள் தேடியபோது 13 மரங்கள் அல்ல, நூற்றுக்கணக்கில் இருப்பது தெரிந்தது, இளமரங்களும் இருந்தன. 1991-இல் இவற்றையெல்லாம் தொகுத்து ஒரு மறுப்பு வெளிவந்தது. டோடோ அந்தப் பழத்தைத் தின்றிருக்கலாம், விதைக்கு ஏதாவது உதவியும் செய்திருக்கலாம். டோடோ இல்லாவிட்டால் மரமே இல்லை என்பதுதான் நிற்கவில்லை.

என் முறையும் இதுதான். எதோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் தேடுவேன். எத்தனை பேரை, எத்தனை விதையை, எத்தனை நாள் பார்த்தார்கள் என்று பார்ப்பேன். பணம் கொடுத்தது யார் என்று கட்டுரையின் கடைசிப் பகுதியில் எழுதியிருக்கும், அதைப் படிப்பேன். அந்த ஆய்வில் சேராத, அதே துறையைச் சேர்ந்த ஒருவரைக் கூப்பிட்டு, "இதில் உங்களுக்கு எது உறுத்துகிறது?" என்று கேட்பேன். ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். உறுத்தலைக் கேட்டால் மனம் திறப்பார்கள்.

ஆபத்து நேரத்தில் எழுதுவது எப்படி இருக்கும்?

2020 ஜூலை 25-ஆம் தேதி வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் எங்கள் தென்கிழக்குக் கரையில், புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6-இல் எண்ணெய் கசிந்தது. ஏறக்குறைய 1,000 டன் கடலில் கலந்தது. பக்கத்து ஊரான மாயேபூரில் சனங்கள் கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து மிதவை தைத்தார்கள். தலைமுடியைக்கூட வெட்டிக் கொடுத்தார்கள். அந்த வாரங்களில் மக்கள் கேட்டதெல்லாம் எளிய கேள்விகள். மீன் சாப்பிடலாமா? குழந்தைக்கு இந்த நாற்றம் ஆகுமா? அலையாத்திக்காடு பிழைக்குமா?

நேர்மையான பதில் பல நேரம் "இன்னும் அளக்கவில்லை" என்பதுதான். அது புதுவகை எரிபொருள். கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 விழுக்காட்டுக்குப் பதில் 0.5-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற உலக விதி அந்த ஆண்டு ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. இப்படிப்பட்ட எண்ணெய் பவளப்பாறைக் கடலில் என்ன செய்யும் என்பதற்குப் பழைய அனுபவம் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் திமிங்கலக் குடும்பத்தைச் சேர்ந்த பல விலங்குகள் செத்துக் கரை ஒதுங்கியபோது எண்ணெய்தான் கொன்றது என்று ஊரெல்லாம் பேச்சு. அடுத்தடுத்து நடந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. தொடர்பே கிடையாது என்றும் ஆகிவிடாது. கோபத்தில் இருக்கும் மக்களிடம் இந்த வரியை எழுதிக் கொடுக்க நெஞ்சுரம் வேண்டும். அந்தக் கோபம் நியாயமானது என்பதையும் அதே கட்டுரையில் எழுத வேண்டும்.

புயல் காலத்தில் இந்த வேலை இன்னும் நெருக்கமானது. வாக்வாவிலிருந்து வானிலைத் துறை விடும் 1 முதல் 4 வரையான எச்சரிக்கை, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வருமா என்பதைச் சொல்கிறது. மழைவெள்ளம் வேறு கணக்கு. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தோம். காற்றுக்கான எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வெளியே கிளம்பாதீர்கள் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் எழுதுகிறேன், இந்த டிசம்பரிலும் எழுதுவேன்.

மொரீஷியஸ் குமரிக்கண்டத்தின் எச்சம்தானே?

தமிழ்நாட்டு வாசகர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி. பதில்: இல்லை. ஏன் என்பதை விளக்கமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் உண்மைக் கதை அதைவிட வியப்பானது.

எங்கள் தீவு எரிமலையிலிருந்து வந்தது. வயது 90 லட்சம் ஆண்டுகளைத் தாண்டாது. ஆனால் 2013-இல் கடற்கரை மணலில் அதைவிட மிகப் பழைய சிர்க்கான் என்ற கனிமத்தின் படிகங்கள் கிடைத்தன. மணலில் காற்றோ கப்பலோ கொண்டுவந்து போட்டிருக்கலாம் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். 2017-இல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் ஆஷ்வால் குழு, எரிமலைப் பாறைக்கு உள்ளேயே 250 கோடி முதல் 300 கோடி ஆண்டு வயதுள்ள சிர்க்கான்களைக் கண்டது. ஆகவே எரிமலைக் குழம்பு மேலே வரும் வழியில் மிகப் பழைய கண்டத் துண்டு ஒன்றைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதற்கு 2013 ஆய்விலேயே மொரீஷியா என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது நடுவில் கிழிந்து சிதறிய துண்டு அது. அந்தப் பிரிவு 8 கோடி ஆண்டுக்கும் முந்தியது. அப்போது டைனோசர்கள் இருந்தன. மனிதர் எவரும் இல்லை.

குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற எண்ணம் 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளரிடமிருந்து வந்தது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதை விளக்க, நடுவில் ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். நிலங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த ஊகம் தேவைப்படவில்லை. கடல் கொண்ட நிலம் பற்றிய நம் பழைய இலக்கிய நினைவுகள் மதிப்புக்குரியவை. கரையோர ஊர்கள் கடலுக்கு இரையானது இன்றும் நடக்கிறது. அவற்றை 8 கோடி ஆண்டுக்கு முன் பிரிந்த நிலத்தோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. தமிழின் பெருமைக்கு அந்தத் துணை தேவையும் இல்லை.

வீட்டு வைத்தியத்தைப் பற்றி எழுதினால் பெரியவர்கள் கோபப்பட மாட்டார்களா?

ஏளனமாக எழுதினால் கோபப்படுவார்கள், அது சரிதான். போர்ட் லூயிஸ் சந்தையில் தீசான் என்ற மூலிகைக் கஷாயச் சரக்கு விற்கும் கடைகளில் இன்னும் கூட்டம் நிற்கிறது. அயாபானா இலைக் கஷாயம் குடிக்காத வீடு குறைவு. இந்த மூலிகைகளை ஆய்வகத்தில் வைத்துப் படித்த அமீனா குரிப்-ஃபக்கிம்தான் 2015-இல் எங்கள் நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனார். நான் எழுதும்போது இரண்டைப் பிரித்துச் சொல்வேன்: வயிற்றுப் பொருமலுக்குக் குடிக்கும் கஷாயம் வேறு, பாகற்காய்ச் சாறை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது வேறு. மாத்திரையை நிறுத்துவது காலையும் பறிக்கும், கண்ணையும் பறிக்கும். ஆலயத்தில் ஏழு கறிச் சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் பெரியம்மாக்களிடம் இதைச் சொல்ல முடிந்தால்தான் என் எழுத்துக்கு அர்த்தம்.

எந்த மொழியில் எழுதுகிறீர்கள்? தமிழில் படிப்பவர்கள் அங்கே இருக்கிறார்களா?

குறைவு. இங்கே தமிழ் வம்சத்தவர் பெரும்பாலும் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறோம். தமிழைப் பள்ளியிலும், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும், ஆலயத்திலும் கற்கிறோம். எங்கள் ரூபாய்த் தாளில் தமிழ் இருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு நாடே விடுமுறை விடுகிறது. இவ்வளவு மரியாதை உள்ள மொழியில் பிள்ளைகள் படிப்பதெல்லாம் பக்தியும் பண்டிகையும் மட்டும் என்றால் அது மொழிக்குச் செய்யும் குறை. சிக்குன்குனியாவைத் தமிழில் படிக்கட்டும். 2005-06-இல் பக்கத்துத் தீவான ரீயூனியனில் சுமார் 2,66,000 பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, அது வந்தது. வைரசில் ஏற்பட்ட ஒரே ஒரு சின்ன மாற்றம் அங்கே மலிந்திருந்த புலிக்கொசுவுக்குள் அது எளிதாகப் பெருக வழி செய்தது. 2025-இல் மறுபடி வந்தது. தமிழ் வகுப்பில் ஒரு பிள்ளை இதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டினால், மொழியும் பிழைக்கும் வீடும் பிழைக்கும்.

எழுதியதை வெளியிடும் முன் விஞ்ஞானியிடம் காட்டலாமா?

அவர் சொன்ன மேற்கோளையும் எண்களையும் காட்டிச் சரிபார்க்கிறேன். முழுக் கட்டுரையைக் காட்டுவதில்லை. காட்டினால் அவருடன் முரண்பட்டவர் சொன்னதை எடுக்கச் சொல்வார். மறுத்தால் நட்பு போகும், ஒத்துக்கொண்டால் வாசகர் போவார்.

வருமானம் போதுமா?

எழுத்தை மட்டும் நம்பினால் போதாது. எங்கள் பத்திரிகைகளில் அறிவியலுக்கென்று தனி நிருபர் வைப்பது அரிது. நான் மொழிபெயர்க்கிறேன், ஆய்வு நிறுவனங்களுக்கு அறிக்கை திருத்திக் கொடுக்கிறேன், இடையிடையே பாடம் நடத்துகிறேன். ஒரு மாதம் நன்றாக இருக்கும், அடுத்த மாதம் கையைக் கடிக்கும். ஒரு விதியை மட்டும் விடுவதில்லை: எனக்குக் காசு கொடுக்கும் நிறுவனத்தைப் பற்றிச் செய்திக் கட்டுரை எழுத மாட்டேன். சின்னத் தீவில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு என்பதால் இதனால் இழந்த வேலைகள் உண்டு. வீட்டில் நிலையான சம்பளம் உள்ள இன்னொருவர் இருந்தால் தொடக்க வருடங்களைத் தாண்டுவது சுலபம். இதைச் சொல்லாமல் இளையவர்களுக்கு ஆசை காட்டுவது நியாயம் ஆகாது.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைப் பறித்துவிடுமா?

சுருக்கி எழுதும் வேலையில் பெரும்பகுதி போய்விடும். மாயேபூர் மீனவரிடம் போய் வலையில் என்ன விழுந்தது என்று கேட்கும் வேலை மனிதருடையது.

எப்படித் தொடங்குவது?

உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: கரும்பாலையில் சக்கையை எரித்து மின்சாரம் எடுப்பது, கரையை அரிக்கும் கடல், ஊர் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவு. அதைப் பற்றி வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையை முழுக்கப் படியுங்கள், சுருக்கத்தோடு நிறுத்தாதீர்கள். அதை எழுதியவரோடும், அதில் சேராத ஒரு நிபுணரோடும், அதனால் வாழ்க்கை மாறியவர் ஒருவரோடும் பேசுங்கள். 600 சொல்லில் எழுதி, அந்த விஷயம் தெரியாத ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுருங்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள். வெளியிடும்போது தேதியை மேலே போடுங்கள். ஓராண்டு கழித்து அதே மூவரையும் கூப்பிட்டுப் பேசி, மாறியதைத் தேதியோடு அதே கட்டுரையின் கீழே சேருங்கள்.